மஞ்சக்குப்பம் வீட்டுக்கு டச் சுவிட்ச் தேவையா?

கேள்வி: எனக்கு வயது 66. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1994இல் கட்டிய மாடி வீட்டில் நானும் மனைவியும் மட்டும் இருக்கிறோம். மகன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். வீட்டை முழுக்க ஸ்மார்ட் ஆக்கிவிடலாம் என்று சொல்லி, புதுச்சேரியில் இருந்து ஒரு கம்பெனியை அனுப்பினான். அவர்கள் 3,80,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். எல்லா சுவிட்ச் போர்டையும் எடுத்துவிட்டுக் கண்ணாடி டச் பேனல், கலர் விளக்குகள், விரல் ரேகைப் பூட்டு, போர் மோட்டார் கன்ட்ரோல், கேஸ் சென்சார், உள்ளும் வெளியுமாக ஆறு கேமரா. கரண்ட் பில் பாதியாகிவிடும் என்கிறார்கள். போன முறை வந்தபோது மகன் நான்கு ஸ்மார்ட் பல்பு மாட்டிவிட்டுப் போனான். ராத்திரி கரண்ட் போய் வந்தால் நான்கும் பளிச்சென்று எரிகின்றன. மனைவிக்கு மூட்டுவலி, இருட்டில் எழுந்து பாத்ரூம் போவதுதான் கஷ்டம். நான் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறேன். புயல் வந்தால் இதெல்லாம் என்ன ஆகும்? சுவரை உடைக்க வேண்டியிருக்குமா? வீட்டுக்குள் கேமராவே கூடாது என்கிறாள் மனைவி. என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, வணக்கம்.

முதலில் அந்த நான்கு பல்புகளைச் சரிசெய்துவிடலாம். தம்பியின் போனில் இருக்கும் ஆப்பில் ஒவ்வொரு பல்புக்கும் ஒரு செட்டிங் இருக்கும். கரண்ட் போய்த் திரும்பினால் எரிய வேண்டுமா, அணைந்தே இருக்க வேண்டுமா, போவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டுமா என்று கேட்கும். பெரும்பாலான கம்பெனிகள் 'எரியட்டும்' என்று வைத்துத்தான் அனுப்புகின்றன. சுவரில் சுவிட்சைத் தட்டியும் பல்பு எரியாவிட்டால் வாங்கியவர் கடைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார் அல்லவா, அதற்காக. கரண்ட் வந்துவிட்டது என்பது மட்டும்தான் பல்புக்குத் தெரியும். சுவிட்சைப் போட்டது நீங்களா, லைனைப் போட்டது ஈ.பி.யா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தம்பியை ஷார்ஜாவில் இருந்தபடியே மூன்றாவது நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

மாற்றினாலும் அந்தப் பல்புகள் படுக்கையறையில் இருக்க வேண்டாம். படுக்கப் போகும்போது அம்மா வழக்கம்போல் சுவர் சுவிட்சை அணைப்பார்கள். அந்த நொடியே பல்பு ஆப்பில் இருந்து காணாமல் போகும். அப்புறம் யார் போனில் தட்டினாலும் எரியாது. ஸ்மார்ட் பல்பு என்பது சுவர் சுவிட்சை யாரும் தொடாத இடத்துக்கு உரியது. வாசல் விளக்குக்கும் மொட்டைமாடிப் படிக்கும் மாற்றிவிட்டு, சாயங்காலம் ஆறுக்கு எரிந்து காலையில் அணையும்படி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய காசு வீணாகாது.

இப்போது எஸ்டிமேட். அதில் உங்கள் இருவருக்கும் நேரடியாக உதவக்கூடியவை மோட்டார் கன்ட்ரோலும் கேஸ் சென்சாரும்தான். அம்மாவுக்கு ராத்திரியில் தேவைப்படுகிற விஷயம் அந்தத் தாளில் எங்கேயுமே இல்லை. ஷார்ஜாவில் இருந்து போனைத் திறந்தால் வீடு எப்படித் தெரியும் என்று யோசித்துப் போட்ட பட்டியல் அது. மஞ்சக்குப்பத்தில் குடியிருப்பவர்களை மனதில் வைத்துப் போட்டதாகத் தெரியவில்லை. தம்பியின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. தூரத்தில் இருப்பவருக்கு எது கண்ணில் படுமோ அதைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் அந்தத் தாளில் விட்டுப்போயிருக்கிறது. வயரிங்கைச் சோதிப்பது. 1994இல் கட்டிய வீடு என்றால் விளக்குக்கு 1/18, பிளக் பாயிண்டுக்கு 3/20 என்று அந்தக் கால கேஜ் கணக்கில் இழுத்த வயராக இருக்கும். செம்பு கெடாது. மேலே இருக்கும் பிவிசி உறைதான் 30 வருட வெயிலிலும் சூட்டிலும் விறைத்துப்போய், வளைத்தால் உதிரும். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீசியன் ஒருவரை மெக்கர் கொண்டுவரச் சொல்லுங்கள். 500 வோல்ட் கொடுத்து ஒவ்வொரு சர்க்யூட்டின் இன்சுலேஷனையும் அளக்கிற கருவி அது. ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டுகிற லைனை மாற்றித்தான் ஆக வேண்டும். பழைய பைப் அடைபடாமல் இருந்தால் அதற்குள்ளேயே புது வயரை இழுத்துவிடலாம். சுவரை உடைக்க வேண்டியதில்லை.

எர்த்தையும் அளக்கச் சொல்லுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரை உங்களுக்குப் பக்கம். அந்த உப்புக்காற்றில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) எர்த் பைப்பின் கிளாம்ப் துருப்பிடித்து, வயர் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறைய. பார்வைக்கு எல்லாம் சரியாகத் தெரியும். மீட்டர் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். ஐந்து ஓமுக்குள் இருந்தால் நிம்மதி.

அப்புறம் மெயின் பெட்டியில் மூன்று சாமான் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆள் மீது ஷாக் பாய்ந்தால் கண் இமைக்கும் நேரத்துக்குள் லைனை வெட்டுவது இதுதான். இரண்டாவது எஸ்.பி.டி. என்கிற சர்ஜ் தடுப்பான். எங்கோ இடி விழுந்து லைனில் ஒரு கணம் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும்போது அதை எர்த்துக்குத் தள்ளிவிடும். எர்த் சரியில்லாமல் இதை மாட்டினால் அலங்காரத்துக்குத்தான் ஆகும். மூன்றாவது, வோல்டேஜ் ஏறினாலோ இறங்கினாலோ வெட்டிவிடும் கட்-ஆஃப். எஸ்.பி.டி. இருந்தால் இது வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். புயல் காற்றில் தெருக்கம்பத்தில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) அறுந்தால் 230 வரவேண்டிய வீட்டுக்கு 300, 350, மோசமானால் 400 வோல்ட் வரைகூட நிமிடக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். எஸ்.பி.டி. மைக்ரோ செகண்டு கணக்கில் வந்துபோகிற அடியைத்தான் தாங்கும். இவ்வளவு நேரம் தாங்காது, தானே எரிந்துபோகும். ஃபிரிட்ஜ், டிவி, ரவுட்டர் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டது என்று தெருவே புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள், அது இதனால்தான். லட்சக்கணக்கில் எலெக்ட்ரானிக்ஸை மாட்டப்போகிற வீட்டுக்கு இந்த மூன்றும் இல்லாமல் எஸ்டிமேட் போட்டதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

சுவர் உடைப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். உங்கள் வீட்டில் சன்மைக்கா ஷீட்டின் மேல் பியானோ சுவிட்ச் வைத்த போர்டுகள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் எல்லோரும் அதைத்தான் போட்டார்கள். நான்கு மூலை ஸ்குரூவைக் கழற்றி ஷீட்டைச் சாய்த்தால் பின்னால் தாராளமாக இடம் இருக்கும் (கொஞ்சம் பல்லி முட்டையும் எறும்புப் புற்று மண்ணும் இருக்கும், துடைத்துவிடுங்கள்). தீப்பெட்டி அளவில் ரிலே மாட்யூல் (உத்தரவு வந்தால் தானே லைனைப் போட்டு அணைக்கும் சின்ன சுவிட்ச்) என்று ஒன்று வருகிறது. பழைய சுவிட்சின் பின்னால் அதை வைத்து வயரைக் கொடுத்துவிட்டால் சுவிட்ச் வழக்கம்போல் வேலை செய்யும், போனிலும் வேலை செய்யும். படிக்கட்டில் மேலும் கீழும் இருக்கிற டூ-வே சுவிட்சுக்கும் இதில் வழி உண்டு.

அந்த மாட்யூலுக்கு ஃபேஸ் மட்டும் போதாது, நியூட்ரலும் வேண்டும். அது தானே விழித்திருந்து வைஃபையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? நம் ஊர் வழக்கப்படி விளக்கு, ஃபேன் சுவிட்சோடு ஒரு ஐந்து பின் பிளக் பாயிண்டும் ஒரே போர்டில் இருப்பதால் நியூட்ரல் அங்கேயே கிடைத்துவிடும். படி, பால்கனி போன்ற ஒற்றை சுவிட்ச் பெட்டிகளில்தான் இருக்காது. இன்வெர்ட்டர் லைன் இருக்கிற போர்டில் மட்டும் ஜாக்கிரதை. கையில் அகப்பட்ட நியூட்ரலை எடுத்து இணைத்தால் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். எந்த லைனின் ஃபேஸோ அதே லைனின் நியூட்ரல்தான் வேண்டும்.

கண்ணாடி டச் பேனலை நான் பரிந்துரைக்க மாட்டேன். பகலில் அழகாக இருக்கும். ராத்திரி தடவிப் பார்த்தால் எல்லா இடமும் வழவழவென்று ஒன்றுபோலவே இருக்கும். 30 வருடமாக அந்த வீட்டில் இருப்பவர் கைக்கு மூன்றாவது சுவிட்ச் ஃபேன் என்று இருட்டிலும் தெரியும். அதை ஏன் பிடுங்க வேண்டும்? பாத்திரம் தேய்த்த ஈரக்கையோடு தொட்டால் சில பேனல்கள் கேட்காது. உள்ளே ஒரு சிப் போனால் அந்த போர்டில் இருக்கிற ஆறு பாயிண்டும் சேர்ந்து போகும். அதே கம்பெனி அதே மாடலை நான்கு வருடம் கழித்தும் விற்றுக்கொண்டிருந்தால்தான் மாற்றவும் முடியும். பியானோ சுவிட்ச் போனால் திருப்பாப்புலியூரில் எந்த எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும்.

எல்லா சுவிட்சுக்கும் மாட்யூல் போட வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொன்றும் 24 மணி நேரமும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். ஒரு வாட் என்று வைத்துக்கொண்டால் 30 மாட்யூலுக்கு 30 வாட்; இரண்டு மாத பில்லில் 43 யூனிட். பில் பாதியாகும் என்று சொன்னவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பில் பேச்சு வந்ததால் அதையும் முடித்துவிடுகிறேன். அணைக்க மறந்த 9 வாட் எல்.இ.டி. பல்பு பத்து மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதை போனில் அணைத்து என்ன மிச்சம் பிடிக்கப் போகிறோம்? பில்லைக் குறைக்க வேண்டுமென்றால் பழைய சீலிங் ஃபேனைப் பாருங்கள். அது 75 வாட், பி.எல்.டி.சி. என்கிற புது வகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் சுமாருக்கு அதே காற்றைத் தரும். தினம் 12 மணி நேரம் ஓடும் ஃபேன்கள் நான்கை மாற்றினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 130 யூனிட் குறையும். தமிழ்நாட்டில் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே வேறு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோடையில் ஏ.சி. போட்டு 550, 600 என்று வருகிற வீட்டுக்கு ஃபேன் மாற்றுவது ஒன்றே அந்தக் கோட்டுக்குக் கீழே இறக்கிவிடும். ரிமோட்டும் கூடவே வருவதால் அம்மா கட்டிலில் இருந்தே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். மாற்றும்போது சுவரில் இருக்கிற பழைய ரெகுலேட்டரை லைனில் இருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். அதன் வழியாகக் கரண்ட் கொடுத்தால் பி.எல்.டி.சி. ஃபேனின் சர்க்யூட் கெட்டுப்போகும்.

மோட்டாருக்கு வருவோம். வழிகிற தொட்டி, காய்ந்து ஓடுகிற மோட்டார் இரண்டுமே காசு. இங்கே ஆட்டோமேஷன் கண்டிப்பாக வேண்டும். ஆனால் பலர் செய்வது போல 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் ஒன்றை வாங்கி மோட்டாரை அதில் சொருகிவிடாதீர்கள். ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போது ஐந்து முதல் ஏழு ஆம்பியர்தான் எடுக்கும். கிளம்புகிற அந்த ஒரு நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். பிளக்குக்குள் இருக்கும் சின்ன ரிலேயின் இரண்டு முனைகளும் ஒவ்வொரு முறையும் பொறி பறந்து, ஒருநாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆப்பில் 'ஆஃப்' என்று காட்டும், போர் மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆப் காட்டுவது தான் கொடுத்த உத்தரவை. மோட்டாரின் நிலைமை அதற்குத் தெரியாது. ஷார்ஜாவில் தம்பி அணைத்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்குவார்.

சரியான முறையில் நடுவில் கான்டாக்டர் என்கிற பெரிய ரிலே ஒன்று இருக்கும். மோட்டாரின் கனமான கரண்டை அதன் தடித்த முனைகள் சுமக்கும். ஸ்மார்ட் சாமானோ லெவல் கன்ட்ரோலரோ கான்டாக்டரின் காயிலுக்கு மட்டும் கரண்ட் கொடுத்து எடுக்கும். இப்போது சுவரில் இருக்கிற ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே கான்டாக்டர் இருக்கலாம், எலெக்ட்ரீசியனைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தொட்டியில் வைக்கும் சென்சார் எதுவென்று எஸ்டிமேட்டில் எழுதவில்லை, கேளுங்கள். கம்பி மாதிரி இரண்டு மூன்று முனைகளைத் தண்ணீரில் தொங்கவிடும் வகை மலிவு. உங்கள் பக்கத்து போர் தண்ணீரில் இருக்கும் உப்புக்கு அந்த முனைகளில் வெள்ளையாகப் படிந்து, தொட்டி நிரம்பியும் நிரம்பவில்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கும். காந்த மிதவை வகை வாங்குங்கள். எதுவானாலும் தொட்டிக்குள் போகிற வயரில் 12 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. 230 வோல்ட்டைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் மிதவைகளும் கடையில் உண்டு, வேண்டாம்.

கன்ட்ரோலரில் மூன்று வசதி கேட்டு வாங்குங்கள். போரில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் கரண்ட் குறைவதை வைத்துத் தானே நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பு ஒன்று. கரண்ட் திரும்பி வந்தவுடன் கிளம்பாமல் மூன்று நான்கு நிமிடம் காத்திருக்கும் வசதி இன்னொன்று. வந்த வேகத்தில் வோல்டேஜ் ஆடிக்கொண்டிருக்கும்போதுதான் மோட்டார் காயில் புகைகிறது. மூன்றாவது, மோட்டார் அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஓடலாம் என்ற வரம்பு. தொட்டி வழக்கமாக 25 நிமிடத்தில் நிரம்பும் என்றால், சென்சார் என்ன சொன்னாலும் 35 நிமிடத்தில் நின்றுவிட வேண்டும். இதற்கெல்லாம் இணையமே வேண்டியதில்லை. சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலை. தம்பி போனில் பார்க்க ஆசைப்பட்டால் அதன்மேல் ஒரு வைஃபை மாட்யூலைச் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே கன்ட்ரோலரைத் தாண்டி மோட்டாரைக் கையால் போட ஒரு சுவிட்சும் வையுங்கள்.

புயல் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை நீங்கள் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரை கடந்தபோது நீங்கள் அந்த வீட்டில்தான் இருந்திருப்பீர்கள். மாவட்டத்தில் எத்தனையோ ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் புதுச்சேரி பக்கம் கரையேறி, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. அந்த மாதிரி நாட்களில் ஃபைபர் லைன் முதலில் போகும், டவர் பின்னால் போகும். அதனால் நெட் இல்லாவிட்டால் வேலை செய்யாத எதையும் வாங்காதீர்கள். ரவுட்டரையும் இன்வெர்ட்டர் பேட்டரியையும் தரைத்தளத்தில் தரையோடு வைக்காமல் இடுப்பு உயரத்துக்கு மேல் ஏற்றிவிடுங்கள். ரவுட்டருக்கென்று சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ். கிடைக்கிறது, சாதாரண மின்வெட்டுக்கு அது போதும்.

நெட் நன்றாக இருக்கும் நாளிலும் ஒரு விஷயம் உண்டு. பல ஸ்மார்ட் சாமான்கள் நீங்கள் போனில் தட்டியதை வெளிநாட்டில் இருக்கும் கம்பெனி சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து உத்தரவு வாங்கித்தான் உங்கள் ஹாலில் விளக்கைப் போடுகின்றன. அந்தக் கம்பெனி கடையை மூடினால்? அமெரிக்காவில் ரிவால்வ் என்ற ஹப் (ஸ்மார்ட் சாமான்களை எல்லாம் ஒன்றாக இணைக்கும் பெட்டி) இருந்தது. 300 டாலர். கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் அந்தக் கம்பெனியை 2014இல் வாங்கி, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. வாங்கியவர்கள் வீட்டில் அது வெறும் பெட்டியாகிப்போனது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற கம்பெனியின் சர்வர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றன. பிறகு வாடிக்கையாளர்களே சேர்ந்து கம்பெனியை வாங்கித்தான் உயிர் கொடுத்தார்கள். ஆகவே வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் சாமானாக வாங்க வேண்டும். ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லாம் சேர்ந்து 2022இல் கொண்டுவந்த மேட்டர் என்ற பொது முறை அப்படி வீட்டுக்குள்ளேயே வேலை செய்யக்கூடியது. பெட்டியில் அந்தச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிக்பீ என்கிற வயர்லெஸ் வகையும் நல்லதுதான், அதற்கு ஒரு ஹப் வேண்டும். தம்பிக்குக் கம்ப்யூட்டரில் கை இருந்தால் ஹோம் அசிஸ்டன்ட் என்கிற இலவச மென்பொருளைப் போட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கட்டலாம். ஆனால் அவர் ஷார்ஜாவில் இருந்துகொண்டு அதைப் பராமரிக்கச் சம்மதித்தால் மட்டும். உங்கள் தலையில் கட்ட வேண்டாம்.

கம்பெனிக்காரர்களைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. அவர்கள் ஏற்கெனவே வேலை செய்து கொடுத்த வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே ரவுட்டரின் பின்னை எடுத்துவிட்டு எது எது வேலை செய்கிறது என்று பாருங்கள். பிறகு மெயினை அணைத்து ஒரு நிமிடம் விட்டுப் போடச் சொல்லுங்கள். எது தானாக எரிகிறது, எது தானாக ஓடுகிறது என்று தெரிந்துவிடும். மழுப்பினால் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆப்பின் கணக்கு உங்கள் அல்லது தம்பியின் மெயில் முகவரியில்தான் திறக்க வேண்டும். மாட்ட வந்த பையன் அவசரத்துக்குத் தன் மெயிலைப் போட்டு ஆரம்பித்துக் கொடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விடுவான். உங்கள் வீட்டுச் சாவி அவன் போனிலேயே இருக்கும்.

அம்மாவின் ராத்திரி நடைக்கு என்ன செய்யலாம்? கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்குக் கீழே மஞ்சள் ஒளியில் இரண்டு மூன்று சின்ன விளக்குகள், கட்டிலில் இருந்து காலை இறக்கியவுடன் எரியும்படி ஒரு சென்சார். உயரத்தில் இருந்து அடிக்கிற வெள்ளை வெளிச்சம் வேண்டாம். கண் கூசித் தடுமாறுவார்கள். சாதாரண பி.ஐ.ஆர். சென்சார் உடம்புச் சூட்டுக்கும் அறைச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறது. கத்திரி வெயில் நாட்களில் அறையே 36, 37 டிகிரிக்கு வந்தால் அதற்குக் கண் மங்கிவிடும். ரேடார் வகை சென்சாருக்கு அந்தப் பிரச்சினை இல்லை, கொஞ்சம் விலை கூடுதல். இந்த விளக்குகளை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள்.

பாத்ரூமுக்குள், விழுந்தாலும் கை எட்டும் உயரத்தில், தண்ணீர் புகாத ஒரு பட்டன் வையுங்கள். கட்டில் பக்கம் இன்னொன்று. அழுத்தினால் தம்பி போனில் அலாரம் அடிக்கும் என்பார்கள். அடிக்கட்டும். ஆனால் அவர் அங்கிருந்து என்ன செய்ய முடியும்? உங்கள் காதில் விழும்படி ஹாலில் ஒரு மணி, எதிர்வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சம்மதம் கேட்டு இன்னொரு மணி. வயர்லெஸ் காலிங் பெல்லே இதற்குப் போதும், விலையும் சொற்பம். எதிர்வீட்டில் ஒரு சாவியும் கொடுத்துவையுங்கள்.

அவசரத்துக்கு அவர்கள் சாவியால் திறந்து வர முடிய வேண்டும், அதனாலும் ரேகைப் பூட்டு அவசியமில்லை என்கிறேன். வயதாக ஆக ரேகை தேய்ந்துபோகிறது. பாத்திரம், துணி என்று புழங்கிய கைகளுக்கு இன்னும் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கதவு ஊதி நிலையோடு இறுகும்போது மோட்டார் தாழ்ப்பாள் பாதியில் நின்று கத்தும். நல்ல சாவிப் பூட்டே இருக்கட்டும். கலர் விளக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பேரப்பிள்ளைகள் வந்தால் வாங்குங்கள்.

கேஸ் சென்சாரை வாங்குங்கள், ஆனால் அதை எங்கே மாட்டுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படரும். தரையில் இருந்து ஓர் அடி உயரத்தில் மாட்டினால்தான் பிடிக்கும். சீலிங் பக்கத்தில் மாட்டினால் கேஸ் அங்கே ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கேஸ் கசிந்தவுடன் எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓடும்படி செய்து தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். கூடவே கூடாது. அந்த நேரத்தில் ரிலேயில் விழும் ஒரு பொறி போதும். சென்சார் கத்தினால் போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

கடைசியாகக் கேமரா. வீட்டுக்குள் வேண்டாம் என்று அம்மா சொன்ன பிறகு அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் வீடு. ஆறு கேமராவுக்குப் பதில் இரண்டு போதும்: கேட்டுக்கு ஒன்று, பின்வாசலுக்கு ஒன்று. பக்கத்து வீட்டு ஜன்னல் படத்தில் விழாமல் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். இணையத்தோடு இணையும் சிசிடிவி கேமராவுக்கு 2025 ஏப்ரலில் இருந்து அரசின் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயமாகிவிட்டது. பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை என்று ஒன்று இருக்கும். கேமராவையும் மற்ற சாமான்களையும் அதில் விட்டு, நீங்கள் பேங்க் வேலை பார்க்கும் போனை வேறு வைஃபையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாமான்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் சேரும், 5இல் தேடிக் களைத்துப் போகாதீர்கள்.

தம்பிக்கு உங்களைப் பார்க்க வேண்டும் போல் இருந்தால் வீடியோ காலில் கூப்பிடச் சொல்லுங்கள். எடுப்பதா, முகம் கழுவிக்கொண்டு வந்து எடுப்பதா என்று அம்மா முடிவு செய்துகொள்ளலாம். வயரிங் சோதனையை மட்டும் ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். மெக்கர் ரீடிங்கை ஒரு தாளில் எழுதி எலெக்ட்ரீசியனிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினால், எந்த லைனை மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.